முதல் பாரமும் முதல் குரூப்பும்

பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் எண்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவரிடம் அவருடைய படிப்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்று வரும். 'ஐந்தாங் கிளாஸ் முடித்து முதல் பாரத்தில் சேர்ந்தேன்' என்பார், அல்லது 'இ.எஸ்.எல்.சி.யோடு சரி' என்பார். இன்றைய காதுக்கு இவை ஒரே ஏணியின் மேல்படியும் கீழ்ப்படியுமாகத் தோன்றும். உண்மையில் அவை இரண்டு ஏணிகள். பத்து வயதுப் பிள்ளை எந்த ஏணியில் காலை வைக்கிறது என்பதைப் பொறுத்து, அது கல்லூரி வரை போகுமா, ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஆகுமா, தறிக்கே திரும்புமா என்பது ஏறத்தாழ முடிவாகிவிடும்.

நம்முடைய கல்வி வரலாறுகள் இந்தப் பிரிவினையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மெக்காலே, வுட், கோத்தாரி என்று பெரிய பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கு, ஒரு நெசவாளி தம் மகனை எந்தப் பள்ளியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார் என்பது கண்ணில் படாமல் போகிறது. ஒரே ஊரில் நின்றுகொண்டு இந்த வரலாற்றைப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. சங்கரன்கோவில் அதற்குத் தோதான ஊர். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் சங்கரநயினார்கோயில் தாலுகாவின் தலைநகர். சிவன் பெரிதா திருமால் பெரிதா என்ற வழக்குக்கு இருவரும் ஓருடல் என்று கோமதியம்மனின் தவத்தின் வழியே தீர்ப்புச் சொன்ன தலம். மேற்கே மலையடிவாரத்து நன்செய், கிழக்கே கரிசல், நடுவில் தறிச் சத்தமும் மல்லிகைப் பூச்சந்தையும். பெருநகரமும் அல்ல, குக்கிராமமும் அல்ல. இத்தகைய ஊர்களில் படிப்பின் அடுத்த படி எப்போதும் ஒரு பயணத் தொலைவில் இருக்கும். 1927-இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை ஊர் வழியாக வந்தது. ஆனால் கல்லூரிகள் இருந்த திருநெல்வேலிக்கு அது நேராகப் போகவில்லை. அங்கே போக ஏறத்தாழ 55 கிலோமீட்டர் சாலைதான்.

முதல் பாரத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் தொடக்கப் பள்ளி என்பது ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை. அதற்கு மேல் இரண்டு வழிகள். ஒன்று, அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள 'ஹையர் எலிமெண்டரி' பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு என்று தொடர்ந்து, எட்டின் முடிவில் இ.எஸ்.எல்.சி. என்ற பொதுத்தேர்வை எழுதுவது. அதில் தேறியவர் இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி பெற்று 'ஹையர் கிரேடு' வாத்தியார் ஆகலாம். மற்றொன்று, உயர்நிலைப் பள்ளியின் முதல் பாரத்தில் சேர்ந்து ஆறாம் பாரம் வரை போய் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவது. பாடத்தின் கனம், ஆசிரியரின் தகுதி, சம்பளம், ஆங்கிலம் எல்லாமே வேறு. ஆங்கிலம்தான் முக்கியம். உயர்நிலைப் பள்ளியின் அஸ்திவாரமே அது. எட்டாம் வகுப்பு முடித்தவர் பிறகு மனம் மாறி நான்காம் பாரத்தில் சேர நினைத்தாலும் அந்தச் சுவர்தான் எதிரே நிற்கும். (பாரம் என்பது 'ஃபார்ம்' என்ற சொல்லின் தமிழ் வடிவம். சுமை என்ற பொருளையும் நம்மவர்கள் அதில் கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.)

சம்பளம் என்றால் அந்நாளில் ஆசிரியர் வாங்குவது மட்டும் அல்ல. பிள்ளை கட்டுவதும் சம்பளம்தான். உயர்நிலைப் பள்ளியில் மாதம் தவறாமல் சம்பளம் கட்ட வேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும். பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு அரைச் சம்பளச் சலுகை இருந்தது. அந்த அரைச் சம்பளமும் தறியை நம்பிய வீட்டில் பெரிய தொகை. அதைவிடப் பெரிது, கணக்கில் வராத மற்றொரு செலவு. கைத்தறி வீட்டில் பத்து வயதுப் பிள்ளை சும்மா இருப்பதில்லை. ஊடைக்கு நூலைத் தாரில் சுற்றித் தருவது அதன் வேலை. தகப்பன் தறியில் உட்கார, தாயும் பிள்ளைகளும் தார் சுற்றினால்தான் சேலை இறங்கும். எட்டாம் வகுப்பு வரை உள்ளூர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளை காலையிலும் மாலையிலும் தார் சுற்றலாம். வெளியூர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை சுற்ற முடியாது. ஆகவே முதல் பாரம் என்பது ஒரு பிள்ளையின் அறிவைப் பற்றிய தீர்மானமாக இருந்ததைவிட, ஒரு ஜோடிக் கையை வீடு விட்டுக்கொடுக்க முடியுமா என்பதைப் பற்றிய தீர்மானமாகவே இருந்தது.

வசதியுள்ள வீடுகளிலும் இந்தத் தீர்மானம் எளிதாக இருந்ததில்லை. இவ்வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற சான்று கிழக்கே எட்டயபுரத்தில் இருக்கிறது. சின்னச்சாமி ஐயர் தம் மகன் சுப்பிரமணியனை 1894-இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். 1861-இல் பள்ளியாகத் தொடங்கி 1878-இல் கல்லூரியாக உயர்ந்த அந்த நிறுவனம்தான் அன்றைக்குக் கிறித்தவ மிஷன் பள்ளிகளுக்கு வெளியே அந்த மாவட்டம் தரக்கூடிய உயர்ந்த படிப்பு. பிறகு குடும்பம் நொடித்தது. பதினான்கு வயதுச் சிறுவன் தன் படிப்பைத் தொடரப் பொருளுதவி கேட்டு 1897-இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினான். பின்னாளில் அதே பாரதி, தம் சுயசரிதைக் கவிதையில், தந்தை செலவழித்துத் தந்த அந்த ஆங்கிலப் படிப்பைக் கடுமையாகப் பழித்தார். நம் திறனாய்வாளர்கள் அந்தப் பழிப்பை நிறையவே மேற்கோள் காட்டிவிட்டார்கள். விண்ணப்பத்தை அவ்வளவாகக் காட்டுவதில்லை. எனக்கு இரண்டையும் சேர்த்தே படிக்கத் தோன்றுகிறது. மேல்படிப்பு ஆங்கிலத்தின் வழியாகவும் அயலூரின் வழியாகவும் மட்டுமே கிடைத்த ஒரு காலத்தில், அதை வேண்டிக் கெஞ்சுவதும் கிடைத்தபின் வெறுப்பதும் ஒரே மனிதருக்குள் நடக்கக்கூடியவையே.

அதற்கு முன்பு இங்கே உயர்கல்வியே இல்லாமல் இருந்ததா என்றால் இல்லை. சங்கரன்கோவிலுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் கரிவலம்வந்தநல்லூர். வரகுணராம பாண்டியனின் ஏட்டுத் தொகுதி அவ்வூர்க் கோயிலில் இருந்தது. உ.வே.சாமிநாதையர் அதைத் தேடிக்கொண்டு போனபோது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். படிக்க ஆள் இல்லாமல் போன படிப்பு அப்படித்தான் முடிந்தது. திண்ணைப் பள்ளியில் நிகண்டும் அந்தாதியும் கற்ற பிள்ளைக்கு அதன்மேல் ஏற ஒரு படி இருந்த காலம் போய், அந்தப் படியே இல்லாமல் ஆகியிருந்தது. முதல் பாரம் வந்து சேர்ந்தது அந்த வெற்றிடத்தில்.

உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை. 1910-களில் நிலைபெற்ற எஸ்.எஸ்.எல்.சி. திட்டத்தில் கட்டாயப் பாடங்களோடு 'சி' பிரிவு என்ற விருப்பப் பாடங்களும் இருந்தன. தேர்வில் முடித்தவர் எல்லாரும் கல்லூரிக்குப் போகலாம் என்பதில்லை. கல்லூரிக்குத் தகுதி பெற்றவர் பட்டியல் தனியே வரும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நான்காம் பாரத்திலிருந்தே பொறியியல், வேளாண்மை, அலுவலகப் பணி எனப் பாடத்தைப் பிரிக்கும் முறையும் சில பள்ளிகளில் வந்தது. 1952–53-இல் டாக்டர் ஆ.லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு இதையே நாடு முழுமைக்கும் விரித்துச் சொன்னது. கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவுகள். இன்றைக்கு நாம் 'குரூப்' என்று சொல்லும் சொல்லின் தாத்தா இங்கே இருக்கிறார். நல்ல நோக்கம்தான். ஆனால் ஏழு பிரிவுகளையும் நடத்தும் பள்ளி சென்னையில்கூட அரிது. தாலுகாத் தலைநகரில் ஒன்றோ இரண்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம். பிள்ளை பிரிவைத் தேர்ந்தெடுக்கவில்லை. பள்ளியில் இருந்த ஆசிரியரும் ஆய்வகமும் பிள்ளைக்காகத் தேர்ந்தெடுத்தன.

இரண்டு ஏணிகளையும் ஒன்றாக்கியது காமராசர் காலம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டதை எல்லாரும் அறிவோம். அதற்குப் பின் நடந்த நிர்வாகச் சீரமைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அழகப்பச் செட்டியார் தலைமையில் தொடக்கக் கல்விக்குழு. பொதுக்கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு, 1950-களின் பிற்பகுதியில் பாரங்கள் மறைந்து ஒன்று முதல் பதினொன்று வரை தொடர் வகுப்புகள். மதிய உணவுத் திட்டம் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. 1960-களின் முதற்பாதியில் பள்ளியிறுதி வரை சம்பளம் ஒழிந்தது. தார் சுற்றும் கை ஒன்றை இழக்கும் வீட்டுக்கு ஒருவேளைச் சோறும் சம்பள விலக்கும் எவ்வளவு பெரிய ஈடு என்பதைத் தறிக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பத்து வயதில் மூடிக்கொண்ட கதவு இப்போது பதினாறு வயது வரை திறந்திருந்தது. திருநெல்வேலிச் சீமையின் கல்வி வரலாற்றில் இதற்கு இணையாக நான் எதையும் வைக்க மாட்டேன்.

பதினாறு வயதில் என்ன ஆயிற்று? பள்ளியிறுதிக்குப் பின் கல்லூரியில் ஓராண்டு 'பி.யூ.சி.', அதாவது புகுமுக வகுப்பு. 1956–57 முதல் பழைய இரண்டாண்டு இண்டர்மீடியட்டுக்குப் பதிலாக வந்தது. மருத்துவமோ பொறியியலோ வேண்டுமென்றால் அந்த ஓராண்டில் எடுக்கும் மதிப்பெண்ணே எல்லாம். அதுவரை தமிழில் பூகோளமும் இரசாயனமும் படித்த சங்கரன்கோவில் பையன், பாளையங்கோட்டைக்கோ திருநெல்வேலிக்கோ போய், விடுதியில் தங்கி, ஆங்கிலப் பாடக்குறிப்புக்குப் பழகி முடிப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடும். இந்த ஒற்றை ஆண்டில் உதிர்ந்தவர்களின் கணக்கை யாராவது எடுத்திருந்தால் நம் தலைமுறைகளின் கதை வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

பெண்களுக்கு இது இன்னும் கூர்மையானது. பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி 1895 முதல் இருந்தது. ஆனால் விடுதியில் மகளை விடும் துணிவு வேண்டும். 1964-இல் குற்றாலத்தில் கோயில் நிர்வாகமே பராசக்தி மகளிர் கல்லூரியைத் தொடங்கியபோது நிலைமை சற்றே மாறியது. குற்றாலநாதர் கோயிலின் கல்லூரி என்பது தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் வீடுகளில் ஒரு பெரிய சமாதானம். பாடத்திட்டத்தைவிட அந்தச் சமாதானம்தான் பல பெண்களைப் படிக்க வைத்தது. 1966-இல் கோவில்பட்டியிலும் கல்லூரி வந்தது.

1978-இல் பி.யூ.சி. போய் பிளஸ் ஒன் வந்தது. கோத்தாரிக் குழு 1966-இல் பரிந்துரைத்த பத்து–இரண்டு–மூன்று முறைக்குத் தமிழகம் மாறியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல். கல்லூரியில் நடந்த புகுமுகப் படிப்பு பள்ளிக்கு வந்துவிட்டதால், விடுதிக்கும் பேருந்துக்கும் வேலை இல்லாமல் மகளும் மகனும் உள்ளூரிலேயே மேல்நிலைக் கல்வி பெறலாம். தொலைவு என்ற தடை நீங்கியது. ஆனால் தீர்மானிக்கும் வயது ஓராண்டு குறைந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கையில் வந்த அன்றே, பதினைந்து வயதில், எந்த 'குரூப்' என்று சொல்லியாக வேண்டும்.

இந்தக் குரூப்புகளின் உள்ளமைப்பைச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டு தலைமுறைகளின் விதி அதற்குள் அடங்கியிருந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்தது முதல் குரூப். பொறியியல், மருத்துவம் என்ற இரண்டு கதவுகளும் திறந்திருக்கும் ஒரே பிரிவு அதுதான். கணிதத்தை விட்டுத் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தால் மருத்துவம் மட்டும். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் எடுத்தால் பொறியியல் மட்டும். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் வேறொரு உலகம். பிரிவைத் தேர்ந்தபின் திரும்ப வழி கிடையாது. பதினைந்து வயதில் வணிகவியல் எடுத்தவர் பதினேழு வயதில் இயற்பியல் மீது காதல் கொண்டால் அது நிறைவேறாக் காதல்தான்.

இதில் எந்தக் குரூப் யாருக்கு என்பதைப் பள்ளிகள் மதிப்பெண் வரிசையில் பகிர்ந்தன. மேலே இருப்பவருக்கு முதல் குரூப், அடுத்தவருக்கு அடுத்தது, மிஞ்சியவருக்கு மிஞ்சியது. விருப்பம் என்ற சொல் விண்ணப்பப் படிவத்தில் இருந்தது. அதைவிட மோசமானது, சிற்றூர் மேல்நிலைப் பள்ளிகளின் நிலை. கணிதத்துக்கோ இயற்பியலுக்கோ முதுகலை ஆசிரியர் இல்லாவிட்டால் அந்தப் பிரிவே அங்கே பெயரளவில்தான் நடக்கும். வசதியுள்ளவர் டியூஷன் வைத்தார். இல்லாதவர் பாடநூலை மனப்பாடம் செய்தார். ஆக, பதினைந்து வயதில் முதல் குரூப்பா வேறு குரூப்பா என்ற கேள்வி, பல வீடுகளில் 'எந்த ஊர்ப் பள்ளி' என்ற பழைய கேள்வியாகவே திரும்பி வந்தது.

பிளஸ் டூவோடு தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியைப் பற்றி ஆராய்ந்த தேசியக் குழுவின் தலைவர் மால்கம் ஆதிசேஷையா, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். உலகம் சுற்றிய, யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்த அந்தப் பொருளியலறிஞர் கண்ட கனவு, கையும் மூளையும் சேர்ந்து கற்கும் பள்ளி. தமிழகத்தின் தொழிற்கல்விப் பாடங்களில் நெசவுத் தொழில்நுட்பமும் ஒன்றாக இருந்தது. தறியிலிருந்து பிள்ளையை விடுவிக்கத்தானே பள்ளிக்கு அனுப்பியது என்று நினைக்கும் ஊரில் அந்தப் பாடத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? ஆதிசேஷையாவின் அறிக்கையில் பிழை இல்லை. உடல் உழைப்பைப் பற்றிய நம் மனத்தில் இருந்த பிழையை எந்த அறிக்கையும் திருத்தாது.

மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் கதையை விரைவில் கடந்துவிடலாம். பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் சில பத்துப் பள்ளிகளாக இருந்தவை, 1970-களின் பிற்பகுதியில் மாநில அரசின் வாரியத்துக்கு மாறின. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பெருகின. தமிழ்வழி, ஆங்கிலவழி என்ற பிரிவினை மூன்று வயதுக்கே இறங்கிவிட்டது. முத்துக்குமரன் குழு 2007-இல் தந்த பரிந்துரையும், 2010-இல் வந்த சமச்சீர்க் கல்விச் சட்டமும், 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்திய தீர்ப்பும் பாடநூலைப் பொதுவாக்கின. பள்ளிகளைப் பொதுவாக்கவில்லை.

தொழிற்படிப்புகளுக்கு 1984-இல் மாநில நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும் நுழைவுத்தேர்வு 100-க்குமாக மொத்தம் 300. அரைப் புள்ளியில் ஒரு வாழ்க்கை இடம் மாறும். பயிற்சி வகுப்பு இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இடையே புதிய தொலைவு முளைத்தது. கிராமப்புற மாணவருக்குத் தனி ஒதுக்கீடு தர அரசு செய்த முயற்சி 2001-இல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி நுழைவுத்தேர்வை ஒழிக்கும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பிளஸ் டூவின் 1200 மதிப்பெண்ணே தெய்வம். தென்மாவட்டத்துப் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்குப் போனது முன்பே தொடங்கிய வழக்கம். இப்போது அது வெள்ளமாயிற்று. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டு கற்பிப்பது அங்கே முறை. கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்ற பெயரை மக்களே வைத்தார்கள். 2017-இல் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தினார்கள். 1200 என்பது 600 ஆயிற்று. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்தத் தேர்வும் 2025–26 கல்வியாண்டிலிருந்து இல்லை.

இவ்வளவுக்கும் இடையில், உண்மையிலேயே கூர்மையான கிராமத்துப் பிள்ளைக்கென்று அரசு என்ன வைத்திருந்தது? 1963-இல் டெல்லியில் பத்துப் பேருக்கான உதவித்தொகையாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய தேசியத் திறனறித் தேர்வு இருந்தது. அது 2021-க்குப் பின் நின்றுபோனது. தமிழகத்துக்கே உரியது ஊரகத் திறனாய்வுத் தேர்வு. வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு 1000 ரூபாய். தொகை சிறிது, ஆனால் 'நீ தனியே கவனிக்கத்தக்கவன்' என்று அரசாங்கம் ஒரு பிள்ளையிடம் சொல்லும் அரிய தருணம் அது. இதில் வேடிக்கையான விதி ஒன்று உண்டு. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் படிப்பவர் எழுத முடியாது. கரிவலம்வந்தநல்லூர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதலாம். சங்கரன்கோவில் நகராட்சிக்குள் படிக்கும் தறிக்காரர் மகள் எழுத முடியாது. மேல்படிப்புக்காகப் பிள்ளையை ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்த தகப்பன், அந்தச் செயலாலேயே இந்த வாய்ப்பை இழந்திருப்பார். மாறாக, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, இத்தேர்வைப் பற்றி யாரும் யோசிக்காமலே, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நூறு இடங்கள் தனியே வந்தன.

பெரிய வாய்ப்பு ஒன்று 1986-இல் மாநில எல்லையில் நின்றது. அவ்வாண்டின் தேசியக் கல்விக் கொள்கை மாவட்டத்துக்கு ஒரு நவோதயா பள்ளியை முன்வைத்தது. ஐந்தாம் வகுப்பில் தேர்வு வைத்து, பெரும்பகுதி இடங்களைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கே ஒதுக்கி, ஆறு முதல் பன்னிரண்டு வரை விடுதியில் தங்கவைத்துப் படிப்பிக்கும் திட்டம். அரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் முதலிரு பள்ளிகள். ஒன்பதாம் வகுப்பில் முப்பது விழுக்காட்டினர் இந்தி பேசும் மாநிலத்துக்கும் பேசாத மாநிலத்துக்கும் இடையே ஓராண்டு மாறிச்செல்ல வேண்டும் என்பதும் மும்மொழியும் அதன் அங்கம். தமிழகம் மறுத்தது. அவ்வாண்டு மீண்டும் எழுந்த இந்தி எதிர்ப்புக்கு இப்பள்ளிகளும் ஒரு காரணம். கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலும் நவோதயா உண்டு. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கொல்லம் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே இடம் என்பதால் இப்பக்கத்துப் பிள்ளைக்கு அது மலைக்கு அப்பாலிருக்கும் மழை. 2017 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இப்பள்ளிகளுக்கு இடமளிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

மொழியின் பொருட்டு மறுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். 1938-ஐயும் 1965-ஐயும் கண்ட மாநிலம் வேறு எப்படி முடிவெடுத்திருக்கும்? என் வழக்கு வேறு. வேண்டாம் என்று சொன்ன பிறகு, தமிழும் ஆங்கிலமும் மட்டும் கொண்ட நம்முடைய சொந்த விடுதிப் பள்ளி ஒன்றை மாவட்டந்தோறும் கட்ட நமக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் சங்கரன்கோவில் தாலுகாவில் பிறந்து, ஐந்தாம் வகுப்பில் கணக்கில் சுடர்விட்டு, பிறகு ஆசிரியரில்லாத முதல் குரூப்பில் அணைந்துபோனவர்களை எந்த மொழிக் கொள்கையின் கணக்கில் எழுதுவது?

2021–22-இல் பத்து மாவட்டங்களில் தொடங்கிய அரசு மாதிரிப் பள்ளிகள் இப்போது 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அரசுப் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு விடுதியோடு படிப்பு. ஐ.ஐ.டி., தேசியச் சட்டப் பள்ளி, வடிவமைப்புக் கல்லூரி என்று முன்பு அரசுப் பள்ளிகளில் பெயர்கூடக் கேட்டிராத நிறுவனங்களுக்கு அங்கிருந்து பிள்ளைகள் போகிறார்கள். 2022 செப்டம்பர் 5 அன்று பதினைந்து மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கிவைத்த அதே விழாவில், அரசுப் பள்ளிகளில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் தொடங்கியது. குற்றாலத்துக் கோயில் கல்லூரி தந்த சமாதானத்தைப் போல, விடுதியில் மகளை விட ஒரு தாய்க்குத் துணிவு தருவது எது என்பதில்தான் மாதிரிப் பள்ளியின் வெற்றியும் இருக்கிறது.

மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். பிளஸ் டூ மதிப்பெண் அதற்குப் பயன்படாது என்றானபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை மருத்துவக் கல்லூரிகளில் அருகியது. நீதியரசர் கலையரசன் குழு பத்து விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது, 2020-இல் 7.5 விழுக்காடாகச் சட்டமாயிற்று. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அதன் நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டு வரை தனியார் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆறாம் வகுப்பு என்பது பழைய முதல் பாரம். ஐந்தாம் வகுப்பு முடிந்த மே மாதத்தில், தெருவிலுள்ள ஆங்கிலவழிப் பள்ளியின் விண்ணப்பத்தையும் அரசு மேல்நிலைப் பள்ளியின் விண்ணப்பத்தையும் வைத்துக்கொண்டு யோசிக்கும் சங்கரன்கோவில் பெற்றோர், அன்றைக்கே ஏழாண்டு கழித்து வரும் கலந்தாய்வையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கரும்பலகையில் எழுதிவைத்து இதை அவர்களுக்குச் சொல்பவர் யாரும் இல்லை. பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பில்தான் இந்த நிபந்தனையைக் கேள்விப்படுகிறார்கள். அப்போது மாணவர் தாம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் போய்க் கையொப்பமிட்ட சான்று வாங்கிவர வேண்டும்.